ஊற்றில் இறங்கிய இஞ்சின்

எங்கள் வீட்டில் எந்தச் சாமான் கெட்டுப்போனாலும் கொழும்பு மாமாவிடம் காட்டாமல் தூக்கி எறிந்ததில்லை. காட்டிய பிறகு எறிந்தது உண்டு. மாமா உம்மாவின் தம்பி. கொழும்பில் ஏதோ ஒரு பட்டறையில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். சுவர்க்கடிகாரம், பெட்ரோமாக்ஸ் விளக்கு, குடை, தையல் மிஷின் என்று எது கையில் கிடைத்தாலும் பிரித்துப் போடுவார். திரும்பப் பூட்டவும் செய்வார். அது ஓடவும் செய்யும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு திருகாணி மிஞ்சிவிடும். "வெள்ளைக்காரன் எப்பவும் ஒண்ணு கூடத்தான் போடுவான்" என்று சொல்லி அதைத் தன் தகர டப்பாவில் போட்டுக்கொள்வார். அந்த டப்பா பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. பெரியபட்டினத்துக்குக் கிழக்கே கடலை ஒட்டி எங்கள் ஊர். வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பனங்கூட்டம். அதற்குள் இருந்த மணல் பள்ளம்தான் ஊருக்கே தண்ணீர். முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினால் அடியில் நீர் கசியும். பெண்கள் குந்தி உட்கார்ந்து, தேங்காய்ச் சிரட்டையால் மேலாக மோந்து மோந்து குடத்தில் விடுவார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் ஊரிலுள்ள அத்தனை வீட்டுச் சமாச்சாரமும் பேசி முடித்துவிடலாம். தண்ணீர் மட்டும் அப்படி இனிக்கும்.

அந்த வருஷம் மூத்தவளான என் ராத்தாவுக்குக் கீழக்கரையில் மாப்பிள்ளை பேசினார்கள். எங்கள் பக்கத்தில் நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவார். அதனால் பிள்ளையைப் பிரியப்போகிற கவலை மாப்பிள்ளையின் தாயாருக்குத்தான். பேச்சு முடிக்க வந்த அன்று அந்த அம்மா நகையைக் கேட்கவில்லை, பாத்திரத்தைக் கேட்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தண்ணி எப்படி இங்கன? எங்க பக்கம் கெணறெல்லாம் கரிக்கும். எம்புள்ள சின்னதுல இருந்து அதைக் குடிச்சே வளந்துட்டான்."

உம்மா கொஞ்சம் பெருமையாகவே பதில் சொன்னார்: "எளநி மாதிரி இருக்கும் மாமி. நீங்களே குடிச்சுப் பாப்பீக."

அந்தச் சம்பந்தம் உம்மாவுக்கு லேசில் வாய்த்ததில்லை. அதற்கு முன்னால் வந்த இடம் ஒன்று, பந்தியில் யாருக்கோ முதலில் சோறு வைத்துவிட்டார்கள் என்பதற்காகவே எழுந்து போய்விட்டது. இந்த முறை உம்மா கொடுத்த வாக்கு தண்ணீரைப் பற்றியது. அதனால் கல்யாணம் நெருங்க நெருங்க உம்மாவின் பயமெல்லாம் தண்ணீரிலேயே நின்றது.

விசேஷ வீடு என்றால் ஊர்ப் பெண்கள் ஆளுக்கு ஒரு குடம் மோந்து கொண்டுவந்து அண்டாக்களில் ஊற்றுவது வழக்கம். மாமா அதைத் தடுத்துவிட்டார். கொழும்பில் குழாயில் ஒரு திருகைத் திருகினால் ஆனை குளிக்கிற அளவுக்குத் தண்ணீர் கொட்டுவதாகவும், இங்கே பொம்பளைகள் சிரட்டையை வைத்துக்கொண்டு காலத்தைக் கழிப்பதாகவும் வீடு வீடாகப் போய்ச் சொல்லி, யாரும் வரவேண்டாம் என்றார். திருப்புல்லாணிப் பக்கம் ஒரு தோப்புக்காரர் ஆயில் இஞ்சின் வைத்துத் தென்னைக்கு இறைக்கிறார். அதைக் கேட்டு வாங்கி வருவதாக ஏற்பாடு.

"சனங்க கோவிச்சுக்கிருவாக தம்பி" என்றார் உம்மா.

"கோவிக்கிறவக எல்லாம் இஞ்சினைப் பாக்க வருவாக, பாருங்க ராத்தா."

அவர் சொன்னது பாதி பலித்தது. பெண்கள் கோபித்துக்கொண்டார்கள். இஞ்சினைப் பார்க்க ஆண்கள் வந்தார்கள்.

கல்யாணத்தன்று விடிகாலையில் இஞ்சின் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் அண்டாக்கள் நிறைய வேண்டும். மாமா இரண்டு பக்கமும் அடைப்பில்லாத ஒரு தகரப் பீப்பாயைப் பள்ளத்தில் இறக்கி, உள்ளே இருந்த மணலை ஆளுயர ஆழத்துக்கு வாரி வெளியே போட்டார். குழாயை அதில் விட்டு, கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். இஞ்சின் ஓடியது, தண்ணீர் வரவில்லை.

சுற்றி நின்றவர்களுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? தையல்காரர், தன் மிஷின்தான் மிஷின், காலை எடுத்தால் நின்றுவிடும், மனுஷன் பேச்சைக் கேட்கும் என்றார். தோணிக்காரர் ஒருவர், காற்றிடம் ஒரு தடவை கேட்டால் போதும், இந்த மாதிரிச் சாமானிடம் தினம் காலையில் எழுந்து கெஞ்ச வேண்டும் என்றார். என் வாப்பா அதிகம் பேசமாட்டார். சைக்கிள் வரைக்கும்தான் சாமான் மனுஷன் கைக்குள் இருந்தது என்று சொல்லிவிட்டுப் பந்தலைப் பார்க்கப் போய்விட்டார்.

மாமா குழாயில் காதை வைத்துக் கேட்டார். "காத்து வாங்குது" என்றார். குழாய் பூட்டியிருந்த இடத்தில் எங்கோ ஓட்டை. பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாகக் கிழித்துச் சுற்றி, மேலே சவுக்காரத்தைக் குழைத்து அப்பி, பம்பில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி மறுபடியும் சுற்றினார். இந்தத் தடவை குழாய் ஒரு இருமல் இருமியது. பிறகு மணிக்கட்டுத் தண்டிக்குத் தண்ணீர் பாய்ந்தது. தோணிக்காரர்கூடத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

எனக்கு மாமா ஒரு வேலை கொடுத்திருந்தார். குழாய் வாயில் உட்கார்ந்து அவ்வப்போது ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் வாடை அடித்தால் சொல்ல வேண்டும். முதல் அண்டாக்கள் எங்கள் ஊற்றுத் தண்ணீர் போலவே இனித்தன. குடங்களில் பிடித்துப் பிடித்து ஆட்கள் பந்தலுக்குச் சுமந்தார்கள். வெயில் ஏறிய பிறகு நாக்கில் என்னவோ மாறியது.

"மாமா, கரிக்குது."

"புது இரும்பு புள்ள. அப்படித்தான் இருக்கும்."

இன்னும் கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னேன். இஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லையோ, கேட்க மனமில்லையோ தெரியாது. பந்தலில் இருந்து சமையல் பண்டாரி கரண்டியும் கையுமாக ஓடி வந்தபோதுதான் இஞ்சின் நின்றது. அவர் மாமாவின் முகத்துக்கு நேரே ஒரு டம்ளரை நீட்டினார். மாமா ஒரு வாய் குடித்தார், துப்பவில்லை, விழுங்கிவிட்டுப் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தபடி நின்றார்.

கொஞ்சம் கழித்து அவராகவே சொன்னார், பக்கத்தில் நின்ற என்னிடம் சொல்வதுபோல: "அந்தத் திருப்புல்லாணித் தோப்புல ஆழம் போகப் போக நல்ல தண்ணி. இங்கன மேலதான் நல்லது மெதக்குது புள்ள, அடியில கடல் இருக்கு. நான் கடலை உறிஞ்சிருக்கேன்."

உம்மா வந்தார். கல்யாணத்துக்கு உடுத்திய பட்டுச் சேலை. கத்தவில்லை. தன் கையாலேயே ஒரு டம்ளர் மோந்து குடித்துப் பார்த்துவிட்டு, "எளநின்னு சொன்னேனே" என்றார். வெயில் உச்சிக்கு வர இன்னும் அதிக நேரம் இல்லை.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கெடுத்த கையாலேயே சரிபண்ணாமல் விடமாட்டார். ஒவ்வொரு அண்டாவையும் என்னை ருசி பார்க்கச் சொன்னார். கரிக்கிறவற்றின் வயிற்றில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தார். நல்ல அண்டாக்கள் கொஞ்சம்தான். அவை குடிக்க மட்டும். பொட்டு வைத்ததில் நெய்ச்சோறு ஆக்கலாம், உப்பே போடவேண்டாம் என்றார். பண்டாரி முறைத்தார். மாமா ஒரு சின்னச் சட்டியில் அரிசி போட்டுப் பொங்கிக் காட்டினார். பண்டாரி ஒரு பருக்கையை வாயில் போட்டு மென்றுவிட்டு, உப்புப் பானையை எடுத்துத் தன் காலுக்குப் பின்னால் ஒதுக்கி வைத்தார்.

உம்மா அதற்குள் பனங்கூட்டத்துக்குப் போய்விட்டார். பீப்பாய்க்குத் தள்ளி வேறொரு இடத்தில் கையாலேயே மணலை வாரிவிட்டு, பட்டுச் சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு சிரட்டையால் மோக்க ஆரம்பித்தார். தனியாக. யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் நின்றிருந்த பெண்மணி முதலில் சிரட்டையோடு வந்தார். "சொல்லிவிட்டா வரமாட்டோமா, நாங்க என்ன இஞ்சினா, சுத்திவிட்டாத்தான் ஓடுறதுக்கு" என்று ஏசிக்கொண்டே பக்கத்தில் குந்தினார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

அந்தக் களேபரத்தில் யாரும் கவனிக்காத ஒன்று நடந்தது. சின்னம்மா, வாப்பாவின் தம்பி மனைவி, சுத்தத்துக்குப் பேர் போனவர். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தில் அண்டாக்களில் சுண்ணாம்புக் கறை இருக்கிறதே என்று ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டார். பொட்டு எதற்கு என்று அவருக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். நன்னாரி சர்பத் கலக்கி ஒரு பித்தளைக் கூஜாவில் ஊற்றி உள்ளே அனுப்பினார்கள். கலக்கிய பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினேன். கரித்தது. இனிப்புக்கு அடியில், தொண்டைக்குள், நன்றாகக் கரித்தது.

நான் ஓடினேன். பந்தலைத் தாண்டி, செருப்புக் குவியலைத் தாண்டி அறை வாசலுக்குப் போவதற்குள் மாப்பிள்ளையின் தாயார் டம்ளரை வாயில் வைத்துவிட்டார். பெரியவர் என்பதால் முதல் டம்ளர் அவருக்கு. மற்றவர்கள் காத்திருந்தார்கள். உம்மா அப்போதுதான் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து அவர் எதிரே நின்றார். சேலை முந்தானையில் மணல் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த அம்மா முதல் மிடறில் கொஞ்சம் நின்றார். உம்மாவின் கையைப் பார்த்தார். நகக்கண்ணிலெல்லாம் ஈர மணல். பிறகு டம்ளரைக் கவிழ்க்கிற மாதிரி கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கூஜாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. கூஜா இங்கனயே இருக்கட்டும். எங்க ஆளுகளுக்கு எளநி வெட்டிக் குடுங்க, வெயில்ல வந்திருக்காக."

மாமா இளநீர் வெட்ட ஓடினார். நிக்காஹ் நடந்தது. நெய்ச்சோற்றில் உப்பு அளவாக விழுந்திருக்கிறது என்று கீழக்கரைக்காரர்கள் பண்டாரியை மெச்சினார்கள். அவர் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டார். சாயங்காலம் இஞ்சினை வண்டியில் ஏற்றும்போது, இஞ்சின் மேல் ஒரு குற்றமும் இல்லை, ஊற்றுக்குத்தான் அதைப் பிடிக்கவில்லை என்று மாமா தீர்ப்புச் சொன்னார். பம்பில் மிஞ்சிய ஒரு திருகாணி அவர் டப்பாவுக்குள் போனது.

எனக்கு மட்டும் ஆறவில்லை. அவ்வளவு பேர் தாகத்தோடு உட்கார்ந்திருக்க, ஒரு கூஜா சர்பத்தையும் ஒருத்தியே வைத்துக்கொள்வதா?

அடுத்த பெருநாளைக்கு மாப்பிள்ளையின் தாயார் மகனைப் பார்க்க வந்தார். சர்பத் கலக்கும் வேலை எனக்கு வந்தது. ஊற்றுத் தண்ணீர்தான், ஆனால் அவருக்குப் பிடித்தது எனக்குத் தெரியுமே. கூஜாவில் கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீயா கலக்குன?"

"ஆமா மாமி. உங்களுக்குப் புடிக்கும்ல."

கையைப் பிடித்து இழுத்து என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். உம்மாவும் ராத்தாவும் டம்ளரோடு வந்து குனிந்தார்கள். அவர் கூஜாவின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "இது எனக்குன்னு இவ கலக்குனது, யாருக்கும் கெடையாது" என்றார்.

இவ்வளவு பெரிய மனுஷி, சர்பத் என்றால் மட்டும் இப்படி அலைகிறாரே என்று எனக்கு அன்றைக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.