நான் வெட்டச் சொன்ன புள்ளி

என் மாணவி கண்டுபிடித்ததை என்னுடையதாக வெளியிட்டேன். அவளுடைய ஆய்வு வாழ்க்கையையும் நான்தான் முடித்துவைத்தேன். வில்லியனூரில் பேராசிரியர் பணி முடிந்து ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் எனக்கு இதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெம்பில்லை.

வெகு தொலைவிலுள்ள விண்மீன் மண்டலக் கொத்துகளை ஆராய்வது எங்கள் வேலை. அவற்றில் நிறைந்திருக்கும் வாயு, கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் எக்ஸ் கதிர்களை வீசுகிறது. அவை காற்றுமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வந்து சேர்வதில்லை. விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கி பிடித்து அனுப்புவதைத்தான் கணினியில் பார்ப்போம். கொத்து மங்கிய புகை போலிருக்கும். இடையில் வேறு பொருள்கள் கூர்மையான புள்ளிகளாகத் தெரியும். அவற்றை வட்டமிட்டு வெட்டி நீக்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

அபிஷேகப்பாக்கத்திலிருந்து வந்த அந்த மாணவி ஒரு புள்ளியை வட்டமிட்டதும் வெட்டாமல் நிறுத்திவிட்டாள். கரும்பு வெட்டப் போகிறவர்களின் மகள்.

"சார், இது புள்ளி இல்ல. ஓரம் கசியுது பாருங்க."

"இந்த மாதிரி எவ்வளவோ பார்த்தாச்சும்மா. வெட்டு."

"வெட்டிட்டு அப்புறம் நீங்கதான் தேடுவீங்க" என்று சிரித்தபடி வெட்டினாள்.

வெட்டாத படத்தையும் தனியாக வைத்திருந்தாள். சில மாதங்கள் கழித்து அதைத் திறந்து பார்த்தேன். ஓரம் கசிகிறது என்று அவள் காட்டிய இடத்தில், பெரிய கொத்துக்குள் ஒரு சிறிய கொத்து விழுந்துகொண்டிருந்தது. தவறாக வெட்டச் சொன்னேன் என்று மாணவியிடம் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. முதலில் அவ்வளவுதான், பிறகு பெயர் வாங்கும் ஆசையும் சேர்ந்தது. அந்த வாரமே, அவளுடைய ஆய்வுக்காலத்தை நீட்டிக்கலாமா என்று பல்கலைக்கழக ஆய்வுக் குழு என்னைக் கேட்டது. "இதுவரை எதுவும் தேறவில்லை" என்றேன். அவள் ஊர் திரும்பினாள். கட்டுரை என் பெயரில் மட்டும் வந்தது.

பல வருடங்கள் கழித்து, சென்ற ஆண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவள் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அந்த வாத்தியாரு? கண்ணாடி போட்டும் கண்ணு தெரியாதுன்னு எம்பொண்ணு சொல்லும்."

"தெரிஞ்சுதும்மா. தெரிஞ்சுதான் செஞ்சேன்."

அவள் இப்போது பாகூரில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறாள். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"கட்டுரைய அப்பவே படிச்சிட்டேன் சார். குழுவுல நீங்க சொன்னதுதான் தெரியாது. எனக்குத்தான் அறிவு பத்தலன்னு இத்தினி வருஷமா நெனச்சிகினு இருந்தேன்."

கட்டுரை வெளிவந்த ஆய்விதழுக்கு எழுதினேன். அவள் பெயரை முதலாவதாகச் சேர்த்துச் சிறு திருத்தம் வெளியிட்டார்கள். குழுவில் பொய் சொன்னதைப் பல்கலைக்கழகத்துக்கும் எழுதினேன். திருத்தத்தை அச்செடுத்துக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள்.

"நான் திரும்பி வந்து சேரலாமான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். காலம் கடந்துபோச்சுன்னு பதில் வந்துது."

"இன்னா பண்றது. டீ ஆறுது, குடிங்க சார்."

அதன் பிறகு இருமுறை போனில் பேசினேன். என் உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரித்தாள். வானத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூன்றாம் முறை அழைக்க எனக்குத் துணிவு வரவில்லை.