குழலியைக் கூட்டிவந்த ஆடி வெள்ளி

காளியாயி அக்காவைப் பத்திக் கேக்குறீங்க. திருவானைக்காவல் தாண்டி கொள்ளிடக் கரையில எங்க பக்கத்து வீடு. வாழையிலை அறுக்கிற வேலை. நாலு பேர் வேலையை ஒத்தையாச் செஞ்சு, ஏழு மணிக்குள்ள இலைக்கட்டைத் திருச்சி பஸ்ல ஏத்திடும். ஆனா சிரிச்சுப் பேசாது. அதுக்குக் காரணம் நான்தான்.

அக்காவோட தங்கச்சி மட்டுவார்குழலி, பதினாறு வயசுல ஆத்துச் சுழல்ல போயிட்டா. கல்யாணமாகாம செத்த பொண்ணைக் கன்னி தெய்வமா வீட்டுல வச்சுக் கும்பிடுறது எங்க வழக்கம். முப்பது நாள்கூட ஆகலை, புளிய மரத்தடியில அவ தலைவிரிச்சு நிக்கிறான்னு நான் ஊரைக் கூட்டிட்டேன். எனக்கு அப்பப் பதினஞ்சு வயசு. நான் பாத்தது காத்துல ஆடுன வாழைச் சருகு. மறுநாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பேயோட்டுற கோடாங்கி வந்து, குழலி பேயாயிட்டான்னு சொல்லி, மரத்துல ஆணி அடிச்சுக் கட்டிட்டான். கட்டுன பேய்க்கு வீடும் கிடையாது, படையலும் கிடையாது. பயத்துல நான் வாயைத் திறக்கலை, பாவி.

அப்புறம் அந்த நிழல்ல மாடுகூடப் படுக்கலை. உச்சி வேளையில மரத்துலேர்ந்து முனகல் கேக்கும். பொய்யின்னு தெரிஞ்ச நானே கேட்டிருக்கேன்!

போன ஆடியில என் மகளுக்குப் பதினாறு பொறந்துச்சு. அவளைப் பாக்கப் பாக்க எனக்குக் குழலி நெனப்புதான். ஒரு வெள்ளிக்கிழமை அக்கா வாசல்ல போய் நின்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். அறையும்னு நெனச்சேன். உள்ள போய் ஆணி புடுங்குற கொறட்டை எடுத்துட்டு வந்து, "நட"ன்னுச்சு.

ஆணியை மரம் பாதி முழுங்கியிருந்துச்சு. மாத்தி மாத்தி இழுத்தோம். வெளிய வரும்போது மரம் முனகுச்சு, சத்தியமாச் சொல்றேன். அக்கா ஆணியை மஞ்சத் துணியில சுத்தி மடியில கட்டிக்கிச்சு. கூட்டிட்டு வரும்போது திரும்பிப் பாக்கக் கூடாது. முக்குக்கு முக்கு, குழலி வாடின்னு கூப்பிட்டுக்கிட்டே நடந்துச்சு. தெருவே கதவைச் சாத்திக்கிச்சு. எதிர்வீட்டு மருதை பெரியப்பா மட்டும் வெளிய வந்து, சாமி வர்ற வழிக்குத் தெளிக்கிறாப்புல ஒரு சொம்புத் தண்ணியை எங்க முன்னால தெளிச்சு விட்டாரு.

வாசல்ல அக்கா ஒதுங்கி நின்னு என்னைப் பாத்துச்சு.

"நீயும் கூப்பிடு. நீ சொல்லித்தானே அவளைக் கட்டுனாங்க."

"நான் பொய் சொல்லிட்டேன் குழலி. உள்ள போடி"ன்னேன்.

ஒரு ஆள் படியேறுற நேரம் அக்கா பொறுத்துச்சு. அப்புறம் என் கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போச்சு. அந்த வீட்டுக்குள்ள நான் கால் வச்சு இருபத்திரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு.