பல் பட்ட சீட்டுகள்

நேற்று எதிர்வீட்டுப் பெண் மின்சாரக் கட்டண ரசீதைப் பல்லில் கவ்விக்கொண்டு ஸ்கூட்டரின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் பை, பாவம். யாரும் செய்வதுதான். எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்துவிட்டது. உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகும் வெற்றிலை வாசனையும் அணைந்த சூடத்தின் வாசனையும் மூக்கைவிட்டுப் போகவில்லை. என் வீட்டில் இரண்டும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐம்பதுகளில் நடந்த ஒரு தேர்தல். திண்டுக்கல்லில் நான் ஆசிரியை வேலைக்குச் சேர்ந்த புதிது. வடமதுரைக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பெண்கள் வாக்குச்சாவடிக்கு என்னை அனுப்பினார்கள். அப்போது இயந்திரமும் கிடையாது, முத்திரை குத்துவதும் கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, அதன்மேல் அவர் சின்னம். சாக்குப் படுதாவுக்குப் பின்னால் தனியாகப் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். அங்கே இரண்டே பெட்டிகள், தராசும் ஏணியும். தராசுக்காரர் ஊர்ப் பண்ணையாரின் மச்சான்.

காலையில் காபி கொண்டுவந்த, சாவடி இருந்த பள்ளிக்கூடத்து ஆயாதான் விஷயத்தைச் சொன்னாள்.

"பண்ணை வேல பாக்குற பொம்பளைக அம்புட்டுப் பேரையும் பண்ணையாரு நேத்துக் கருப்பசாமி முன்னால நிப்பாட்டிச் சூடம் அணைக்க வச்சிட்டாரு டீச்சரம்மா. 'தராசத் தவிர வேற பெட்டியில எங் கை போடாது'ன்னு சத்தியம். கருப்பு பெட்டிக்குள்ளயே உக்காந்து பாக்குமாம்."

நான் சிரித்தேன். படித்தவள் அல்லவா! ஆனால் கை என்னவோ கழுத்திலிருந்த சிலுவையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. என் வீரம் அவ்வளவுதான்.

முதலில் மற்றத் தெருப் பெண்கள் வந்தார்கள். படுதாவுக்குப் பின்னால் போனால் வளையல் கலகலக்கும், ஒரு சிரிப்பு கேட்கும். வெயில் ஏறியபோது பண்ணைப் பெண்கள் வந்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய வெற்றிலை, ஒருத்தியும் பேசவில்லை. கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருந்தும் படுதாவுக்குப் பின்னால் ஒரு சத்தமில்லை. மூச்சு மட்டும் கேட்டது. யாரோ பெட்டியை முகர்ந்து பார்க்கிற மாதிரி. அடுத்தடுத்து ஒவ்வொருத்தி போனபோதும் அதே மூச்சு. முதலில் போய்வந்த ராக்காயி என்ற நெட்டைப் பெண்ணுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. "என்னம்மா, முடியலையா?" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

வாக்குப்பதிவு முடிந்து படுதாவை விலக்கினோம். தராசுப் பெட்டி சுத்தமாக இருந்தது. ஏணிப் பெட்டியின் துவாரம் செக்கச்செவேலென்று நனைந்திருந்தது.

"ரத்தம்!" என்று அலறிவிட்டார் தராசுக்காரரின் ஏஜென்ட். எங்கள் அதிகாரி விரலால் தொட்டுப் பார்த்து, "வெத்தலைச் சாறுய்யா" என்றார். ஏஜென்ட் நம்பவில்லை. "கருப்பு வாய் வச்சிருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். உள்ளதைச் சொன்னால், அந்த நேரத்தில் நானும் அதிகாரியைவிட அவரைத்தான் அதிகம் நம்பினேன்.

திண்டுக்கல்லில் ஓட்டு எண்ணும் வேலையிலும் என் பேரைப் போட்டிருந்தார்கள். அந்தப் பெட்டியைத் திறந்து கொட்டினால், சீட்டுக்குச் சீட்டு பல் தடம்! சிவப்பாக, அரைவட்டமாக. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அதே ஏஜென்ட் தள்ளி நின்றபடியே, "சீட்டுல அடையாளம் இருக்கு. சட்டப்படி செல்லாது" என்றார். போட்டவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் அடையாளம் இருந்தால் சீட்டு செல்லாது என்பது உண்மையான விதிதான். அத்தனை பெண்களின் ஓட்டும் குப்பைக்குப் போகப்போகிறதே என்று நினைத்தேன்.

பெரிய அதிகாரி ஒரு முஸ்லிம் பெரியவர். சீட்டுகளைப் பரப்பி வைத்து நிதானமாகப் பார்த்தார். "எல்லாம் ஒண்ணுபோல இருக்கே. இது யாரோட பல்லுன்னு சொல்லுங்க, தள்ளிடுறேன்" என்றார்.

ஏஜென்ட் கிட்டேயே வரவில்லை. அத்தனை சீட்டும் செல்லுபடியானது. என்றாலும் தொகுதியில் ஏணி தோற்றுத்தான் போனது.

சில வாரம் கழித்து ராக்காயி கடலைக்கூடையோடு எங்கள் பள்ளி வாசலுக்கு வந்தாள். "எங்க சீட்ட எண்ணுனாகளா டீச்சரம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. எண்ணினார்கள் என்றேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"கையிதான போடாதுன்னு சத்தியம் பண்ணுனோம்? கையப் பின்னால கட்டிக்கிட்டோம். வாயால போட்டோம்."

பண்ணையார் விடவில்லையாம். திரும்பவும் எல்லோரையும் கருப்பசாமி முன்னால் நிறுத்தியிருக்கிறார். "ஏணிப் பெட்டியில எங் கை போடலைய்யா" என்று ஒவ்வொருத்தியும் சூடத்தை அணைத்தாளாம். கடைசிச் சூடமும் அணைந்ததும் பண்ணையாருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. கையால் யாரும் போடவில்லை என்றால், பல் பதித்துப் போட்டது யார்? மறுநாளே கருப்புக்குக் கிடாய் வெட்டினாராம். இனி ஓட்டுக்கென்று யாரையும் கருப்பு முன்னால் கூப்பிடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாராம்.

"உங்களுக்குப் பயமா இல்லையா?" என்றேன்.

"இல்லாமயா? போட்டு முடிக்கிற வரைக்கும் பிடரியில யாரோ மூச்சு விட்டுக்கிட்டே இருந்துச்சு. பயந்துக்கிட்டேதான் போட்டோம்."

"ஏணி தோத்துருச்சே?"

"அடுத்த தடவ பாத்துக்கிருவோம். எண்ணிட்டாகள்ல?"

ராக்காயி போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பெட்டிகள் போயின, சாக்குப் படுதா போயிற்று, பண்ணை வீடு கல்யாண மண்டபமாகிவிட்டது. மிரட்டிச் சத்தியம் வாங்க ஆளில்லாத எங்கள் தெருவில், ஓட்டு நாளன்று பாதிப் பேர் தூங்குகிறார்கள். நான் விடுவதில்லை. குச்சியை ஊன்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறேன். கிழவிக்கு வேறு வேலையில்லை என்று உள்ளே பேசிக்கொள்வது காதில் விழத்தான் செய்கிறது. ஆனாலும் சிலர் சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறார்கள்.