முப்பத்து மூன்றில் ஓடிய டிஸ்கோ

"ரெஜினா மோசம் போயிட்டா, தம்பி. விடியப்புறம் உயிர் போயிட்டுது." போன செவ்வாய் காலை கடையின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது அன்ரன் அண்ணை தொலைபேசியில் சொன்னார். ரெஜினா அக்காவின் கணவர். பிறகு அவர், "செபம் முடிய ஒரு பாட்டுப் போடட்டாம். எந்தப் பாட்டெண்டு உமக்குத் தெரியுமெண்டு சொன்னவ," என்றார். எனக்குத் தெரியாது. ஆனாலும் ஓம் என்றுவிட்டேன்.

ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய இசைத்தட்டுக் கடை உங்களில் பலருக்குத் தெரியும். பல வருடங்கள் நானும் அக்காவும் ஒரே மேசையில் தட்டுகளைப் பிரித்து அடுக்கினோம். நான் சோல் பித்தன்; கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து வந்த, உருகி உருகிப் பாடும் இசை அது. டிஸ்கோ என்றால் மினுக்கு உடுப்பும் வெறும் ஆட்டமும்தான் என்று நாக்கூசாமல் சொல்லித் திரிந்தவன். அவர் விடுவாரா? "உம்மட சோல்ல ட்ரம் பாடுறவருக்காக நிண்டு நிண்டு வரும், ஐசே. டிஸ்கோவில அது ஒருத்தருக்காகவும் நிக்காது. அழுறதெண்டாலும் ஓடி ஓடித்தான் அழவேணும்," என்பார். நான் சிரித்துவிட்டு அந்தத் தட்டுகளை அடிப்பெட்டியில் போடுவேன்.

மூன்று நாள் தேடினேன். சாவீட்டுக்குப் பொருத்தமான மெதுவான சோல் பாட்டுகள் கடையில் நிறையவே இருந்தன. எல்லாம் எனக்குப் பிடித்தவை, ஒன்றுகூட அவருடையது இல்லை. கடைசியில் அடிப்பெட்டியைக் கிளறும்போதுதான் அந்த நாள் நினைவுக்கு வந்தது.

நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் ஓடவேண்டிய டிஸ்கோ தட்டொன்றை அன்று தவறுதலாக முப்பத்து மூன்றில் ஓடவிட்டேன். பாடியவள் ஒரு பெண். கேட்டதோ தொண்டை கட்டிய ஆணின் குரல். சொல்லுக்குச் சொல் மூச்செடுத்து, கெஞ்சிக் கெஞ்சிப் பாடியது. தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல், நான் கும்பிட்ட அதே சோல். "ஆரக்கா இந்தப் பாடகர்?" என்று கேட்டேன். அவர் வேக விசையை நாற்பத்தைந்துக்குத் தட்டினார். அதே குரல் மேலெழும்பி, வயலின்கள் சூழ, நிற்காத ட்ரம்மோடு ஓடத் தொடங்கியது. அவ்வளவு அழுகையும் அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. எனக்குத்தான் காது இல்லை.

அன்றுதான் சொன்னார். டவுன்டவுனில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்த காலம். மன்னாரில் தம்பி இறந்த செய்தி வந்த அன்றும் வேலைக்குப் போயிருக்கிறார். வானொலியில் இந்தப் பாட்டு. "அழுதழுது விரிப்பு மடிச்சன், ஐசே. கை நிக்கேல்ல. பாட்டும் நிக்கேல்ல."

செபம் நடந்த லொங்குய்ய் மலர்ச்சாலைக்கு அந்தத் தட்டோடு கடையின் சிறிய பிளேயரையும் தூக்கிக்கொண்டு போனேன். பிரேதப் பெட்டிக்கு முன்னால் டிஸ்கோவா என்று தயங்கினேன். முதலில் முப்பத்து மூன்றில் விட்டேன். எல்லோரும் தலை குனிந்து கேட்டார்கள். பாதியில் விசையைத் தட்டினேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அன்ரன் அண்ணையின் கால் தன்பாட்டில் தாளம் போட்டது. வழிந்த கண்ணை அவர் துடைக்கவும் இல்லை. "இதுதான் தம்பி, இதுதான்," என்றார். அப்பேர்ப்பட்ட மனுசியோடு ஒரே மேசையில் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடிப்பெட்டி இப்போது மேசைமேல் இருக்கிறது. எந்தத் தட்டு வந்தாலும் இரண்டு வேகத்திலும் கேட்ட பிறகே அடுக்குகிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். சில பாட்டுகளில் கண் கலங்கிவிடுகிறது. கை நிற்பதில்லை.