எந்த நேரமெண்டாலும் தட்டுங்கோ எண்டவை

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில இருந்து வந்து, கொழும்பு வெள்ளவத்தையில காலி வீதியால கடற்கரைக்கு இறங்கிற ஒரு ஒழுங்கையில, நாலு மாடி பிளாற் ஒண்டில நாங்கள் வாடகைக்கு இருந்த காலம். என்ர மனுசனுக்குக் கோட்டைப் பக்கம் ஒரு கொம்பனியில கணக்கு வேலை. எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. வீட்டில நான், இவர், இவற்ற சிகரெட் எண்டு மூண்டு பேர்.

சும்மா சொல்லேல்லை. கண் முழிச்ச உடன ஒண்டு, தேத்தண்ணியோட ஒண்டு, பஸ்சுக்கு நிக்கேக்க ஒண்டு. கோயிலுக்குக் கட்டிற பட்டுச் சீலை வரைக்கும் அந்த நாத்தம்தான். நானும் கத்தாத நாளில்லை. "உங்களுக்கு நான் வேணுமோ, உந்தக் கண்டறியாத சாமான் வேணுமோ?" எண்டு கேட்டால் மனுசன் கொஞ்ச நேரம் யோசிச்சுப் போட்டுத்தான் பதில் சொல்லும். அப்பிடி ஒரு பிறவி.

ஒரு நாள் இருமேக்க ரத்தம் வந்தது. களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினன். நெஞ்சுப் படத்தைப் பாத்த டொக்டர், "இனி ஒண்டு பத்தினாலும் என்னட்ட வராதேங்கோ, நேர கனத்தைச் சுடலைக்குப் போங்கோ" எண்டு முகத்துக்கு நேர சொல்லிப்போட்டார். இவர் சிரிச்சார். எனக்குக் காலும் ஓடேல்லை, கையும் ஓடேல்லை.

அந்த நாளில ஆமிச் சோதனைக்குப் பயந்து, பொழுதுபட்டால் தமிழ் ஆம்பிளையள் வெளிய திரிய மாட்டினம். பிளாற் மொட்டை மாடியில கூடிக் கதைச்சுக்கொண்டு இருப்பினம். அதில கீழ்வீட்டில இருந்த பாங்க் ஒபிசர் ஒருத்தர்தான் தலைமை. அவரும் ஒரு காலத்தில பெட்டி பெட்டியாப் பத்தி விட்டவராம். இவற்ற கதையைக் கேட்ட உடன, "இவரை விடவைக்கிறது எங்கட பொறுப்பு, தங்கச்சி. நீங்கள் பேசாமல் இருங்கோ" எண்டார். மூண்டாம் மாடி ரியூசன் மாஸ்ரர், எங்களுக்கு நேர மேல்வீட்டு அக்காவும் அவவின்ர மனுசனும், எல்லாரும் சேந்திட்டினம். என்ன சொல்ல, ஒரு கலியாண வீடு மாதிரித்தான். மேலுக்கு வந்த உடன வாயை மணந்து பாப்பினம், பொக்கற்றைத் தட்டிப் பாப்பினம். நக்கல் வேற. "ஐசே, இண்டைக்கு மாமியார் வீட்டுப் புகை மணக்குது" எண்டுவினம்.

அவை போட்ட சட்டம் ஒண்டு இருந்தது. ஆசை வந்தால் ஆற்ற கதவையும் தட்டலாம். எந்த நேரமெண்டாலும் தட்டலாம். தட்டினால் ஒரு பிளேன்டீயும் பனங்கட்டித் துண்டும் குடுத்து, அந்த ஆசை அடங்கும் வரைக்கும் கதைச்சுக்கொண்டு இருக்க வேணும். இவரும் தட்டினார். விடியப்புறம் தட்டினார், சாப்பாட்டு நேரத்தில தட்டினார், மாஸ்ரர் வகுப்பு நடத்தேக்கையும் தட்டினார். ஒரு கதவும் திறக்காமல் விடேல்லை. கண்ணெல்லாம் சிவந்து, பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு திரும்பி வருவார். ஆனால் வாயில சிகரெட் இல்லை. இனசனம் ஒண்டும் இல்லாத கொழும்பில எங்களுக்கு இப்பிடி ஆக்கள் கிடைச்சினமே எண்டு எனக்கு அழுகை வரும். கோயிலுக்குப் போனால் அவையின்ர பேரிலையும் அர்ச்சனை செய்விச்சனான். நட்சத்திரம் கூடத் தெரியாது, ஐயர் என்னை ஒரு மாதிரிப் பாப்பார்.

இதுக்குள்ள ஒரு சங்கதி. எங்கட ஒழுங்கை முகப்பில ஆமிக்காரற்ற செக்பொயின்ற். இவர் சிகரெட்டை விட்ட பிறகும் சேட் பொக்கற்றில ஒரு பெட்டி வச்சிருந்தவர். ஒரு பின்னேரம் மொட்டை மாடியில அது பிடிபட்டுப் போச்சு. "ஐயோ, எனக்கில்லை. செக்பொயின்ற் பெடியளுக்கு. ஒண்டை நீட்டினால் ஐ.சி அடையாள அட்டையைக் கூடப் பாராமல் 'யண்ட அய்யே', போங்கோ அண்ணை எண்டு விட்டிடுவாங்கள்" எண்டு கெஞ்சினார். உண்மைதான். அந்த நாளில எங்கட ஆம்பிளையள் கனபேர் அப்பிடித்தான் திரிஞ்சவை. பத்தாதவனும் ஒரு பெட்டி வச்சிருப்பான். ஆனால் பாங்க் ஒபிசர் விடேல்லை. "பொக்கற்றில இருந்தால் கை தன்ரபாட்டில போகும்" எண்டு பெட்டியைப் பறிச்சு, மாடியில நிண்டு கடற்கரை ரயில் தண்டவாளப் பக்கம் வீசி எறிஞ்சார். எல்லாரும் கை தட்டிச்சினம். நானும் விசரி மாதிரிக் கை தட்டினன்.

அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு, எங்கையோ குண்டு வெடிச்ச கிழமை. கொழும்பெல்லாம் ஒரே சோதனை. பின்னேரம் ஆறு மணி போல, ஒழுங்கை முகப்பில நிக்கிற த்ரீவீல் ஓட்டோக்காரப் பொடியன் ஓடி வந்து, இவரை ஜீப்பில ஏத்திப் பொலிசுக்குக் கொண்டு போனதைச் சொன்னான். செக்பொயின்ற்றில புது ஆமிக்காரன் ஒருத்தன் இவரிட்டச் சிகரெட் கேட்டிருக்கிறான். "தென் பொன்னே நே", இப்ப குடிக்கிறதில்லை எண்டு இவர் பெருமையாச் சொல்லியிருக்கிறார். அவன் பொக்கற்றைத் தடவிப் பாத்திட்டு ஐ.சியைக் கேட்டிருக்கிறான். பிறந்த இடம் யாழ்ப்பாணம். பிறகென்ன, முடிஞ்சுது கதை.

கொழும்பில தங்கிற தமிழர் எடுத்து வச்சிருக்க வேண்டிய பொலிஸ் பதிவுப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஸ்டேசனுக்கு ஓடினன். அங்க இருந்த பொலிஸ் பெரியவர் கத்தேல்லை, அதட்டேல்லை. எனக்கு விளங்கின சிங்களத்தில அவர் சொன்னது இதுதான்: பேப்பர் காணாது. அந்த ஒழுங்கையில கனகாலம் இருக்கிற ஒரு ஆள் நேர வந்து, இவரைத் தெரியும், நல்ல மனுசன் எண்டு கையெழுத்து வச்சால் இப்பவே விடலாம். இல்லாட்டி வண்டி வந்த உடன மேலிடத்துக்கு அனுப்பிப் போடுவினம். மேலிடம் எண்டால் என்ன எண்டு அந்த நாளில ஆரும் ஆருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. போன சிலபேர் வருசக்கணக்கில வரேல்லை. சிலபேர் வரவே இல்லை.

எனக்கு ஒரு பயமும் இல்லை எண்டால் நம்புவியளோ? ஒரு ஆள் போதும் எண்டவை. எனக்கு ஒரு பிளாற்றே இருக்குதே! ஆரைக் கூட்டிக்கொண்டு போறது எண்டு த்ரீவீலுக்குள்ள இருந்து யோசிச்சுக்கொண்டு வந்தனான்.

முதல்ல பாங்க் ஒபிசர். சங்கிலியைக் கழட்டாமல் கதவைக் கொஞ்சமாத் திறந்தார். நான் சொல்லி முடிக்க முதலே முகம் வெளிறிப் போச்சு. "தங்கச்சி, நேரம் சரியில்லை. எனக்கு ரெண்டு குமர்ப் பிள்ளையள் இருக்கு. காலமை பாப்பம்." கதவு சாத்தினது.

மூண்டாம் மாடிக்கு ஏறினன். மாஸ்ரற்ற செருப்பு வாசலில கிடக்குது. உள்ளுக்க ரேடியோ. நான் தட்டின உடன ரேடியோ நிண்டுது. திரும்பத் தட்டினன், லைற்றும் நிண்டுது. "மாஸ்ரர், நான் தான்" எண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தன். செருப்பைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்.

மேல்வீட்டு அக்கா எண்டாலும் திறந்தா. என்னைக் கட்டிப் பிடிச்சு என்னை விட அவதான் கூட அழுதா. "என்ர ராசாத்தி, இவர் வீட்டில இல்லையே. இருந்தால் இந்தக் கணம் அனுப்ப மாட்டனோ?" எண்டா. சொல்லி வாய் மூடேல்லை, குளியலறைக்குள்ள அவவின்ர மனுசன் இருமிற சத்தம். நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தம். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்" எண்டா. அந்தத் தேத்தண்ணியில விழுந்து சாகலாம் போல இருந்தது எனக்கு.

அவையைக் கெட்ட ஆக்கள் எண்டு நான் சொல்ல மாட்டன். போய்க் கையெழுத்து வச்சால் நாளைக்கு அவையின்ர வீட்டுக்கும் ஜீப் வரும். எனக்கு விளங்குது. ஆனால் விளங்கிறது வேற, மனம் ஆறுறது வேற.

விடிஞ்ச உடன இவற்ற ஒபிஸ் பெரியவருக்கு சந்தியில இருந்த கொமினிகேசன் கடையில காசு குடுத்துப் போன் எடுத்தன். சிங்கள மனுசன், நுகேகொடையில வீடு. நான் அழுத அழுகையில என்ன விளங்கிச்சோ, அரை மணித்தியாலத்தில வந்தார். ஒழுங்கைக்காரன் இல்லாததால ஸ்டேசனில முதல்ல ஏற்கேல்லை. மனுசன் எழும்பிப் போகேல்லை. மத்தியானம் சாப்பிடாமல் அங்க கிடந்த மர வாங்கிலயே இருந்தார். மேலிடத்துக்குப் போற வண்டியும் தெய்வாதீனமா வந்து சேரேல்லை. பின்னேரமாக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு விட்டாங்கள்.

இவர் வெளியில வந்தார். சேட்டில பொத்தான் இல்லை, ஒரு காது வீங்கியிருந்தது. த்ரீவீலுக்குள்ள என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்ன முதல் கதை என்ன தெரியுமோ?

"இஞ்சேரும், உள்ளுக்க ஒருத்தன் பத்த வச்ச சிகரெட் ஒண்டை நீட்டினவன். எனக்கு வாய் ஊறிச்சுது. நான் வாங்கேல்லை. எங்கட ஆக்கள் எல்லாரும் எனக்காக வெளியில நிப்பினம், இதை வாயில வச்சால் அவையின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது எண்டு நினைச்சன்."

பிறகு கேட்டார், "வந்தவை தானே?"

என்ர வாய்க்குள்ள எல்லாம் வந்து நிண்டுது. சங்கிலிக் கதவு, செருப்பு, இருமல், எல்லாம். சொல்லியிருப்பன். ஆனால் அந்த முகத்தைப் பாத்தன். இதைக் கேட்டால் மனுசன் த்ரீவீலை நிப்பாட்டி, முதல் கண்ட பெட்டிக்கடையில இறங்கிப் பத்தும். டொக்டர் சொன்ன சுடலை என்ர கண்ணுக்கு முன்னால வந்து நிண்டுது. "ஓம், எல்லாரும் வந்தவை. உள்ளுக்க விடேல்லை" எண்டன். இவர் கண்ணை மூடிக்கொண்டு சாஞ்சு இருந்தார்.

அண்டைக்குப் பொழுதுபட முதலே எல்லாரும் எங்கட வீட்டுக்கு வந்திட்டினம். தோடம்பழம், அப்பிள், ஒரு கேக்கும். என்ர முகத்தைப் பாக்க ஒருத்தருக்கும் துணிவில்லை. சுவரில தொங்கின கலண்டரைப் பாத்தினம், மேல சுத்தின காத்தாடியைப் பாத்தினம். மாஸ்ரர்தான் மெல்லக் கேட்டார், "உள்ளுக்க பத்தினனீரோ?" எண்டு. "ஒரு இழுவை கூட இல்லை" எண்டார் இவர். கை தட்டினவை. அந்த வீட்டில, அந்த நேரத்தில, கை தட்டினவை!

"நீங்கள் எல்லாரும் ஸ்டேசன் வாசலில வந்து நிண்டதை இவ சொன்னவ. அதை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டன்" எண்டு இவர் கும்பிட்டார்.

நான் தேத்தண்ணித் தட்டத்தோட நிக்கிறன். ஆராவது ஒருத்தர் வாய் திறந்து, 'இல்லை ஐசே, நாங்கள் வரேல்லை, பயந்திட்டம்' எண்டு சொல்லுவினம் எண்டு பாத்தன். சத்தியமாச் சொல்லுறன், சொல்லியிருந்தால் அந்த இடத்திலயே மன்னிச்சிருப்பன். பாங்க் ஒபிசர் சீனியைப் போட்டு ஆறுதலாக் கலக்கினார். கலக்கிப்போட்டுச் சொன்னார்:

"அது எங்கட கடமைதானே."

நான் குசினிக்குள்ள போய்ப் பைப்பைத் திறந்து விட்டிட்டு அழுதன். அதுக்குப் பிறகு கோயிலில எங்கட ரெண்டு பேரின்ர பேரில மட்டும்தான் அர்ச்சனை.

இவர் அதுக்குப் பிறகு சிகரெட்டைத் தொடவே இல்லை. இண்டைக்கும் கடற்கரையில விறுவிறு எண்டு நடக்கிறார். அந்த ஆக்கள் ஒவ்வொருத்தரா வெளிநாட்டுக்குப் போயிட்டினம். பாங்க் ஒபிசர் வருசப் பிறப்புக்குப் போன் எடுப்பார், இவர் ஓடிப் போய்க் கதைப்பார். ஆராவது சிகரெட்டை விட ஏலாமல் கிடக்கிறதைக் கண்டால், "எனக்குக் கிடைச்ச மாதிரி ஆக்கள் கிடைக்க வேணும்" எண்டு தொடங்குவார். அந்தக் கதை நல்ல கதை, கேக்கிற ஆக்களுக்கும் நெஞ்சு நிறையும். நான் எழும்பி வேற வேலை பாக்கப் போயிடுவன். அந்த ஆக்களால்தான் இவர் உயிரோட இருக்கிறார் எண்டதும் உண்மை, அவை இவரைச் சாகவிட்டவை எண்டதும் உண்மை. மனுசரில இவர் வச்ச நம்பிக்கையை நான் ஒரு பொய் சொல்லிக் காப்பாத்திக் குடுத்திட்டன். என்ர நம்பிக்கையைக் காப்பாத்தித் தர ஒரு பொய் சொல்லக்கூட எனக்கு ஆருமில்லாமல் போச்சு.