மெக்சிகோ கடற்கரையில் மாப்பிள்ளை வீடு

மதியம் இரண்டு மணிக்கு இறங்கினோம். ஊரின் பெயர் புவேர்ட்டோ எஸ்கொண்டிடோ. "ஒளிஞ்சிருக்கிற துறைமுகம்னு அர்த்தம் மாமா" என்றாள் மீனா. திருமயத்தில் பஸ் ஏறி, திருச்சி, சென்னை, துபாய், பார்சிலோனா, மெக்சிகோ நகரம் என்று மாறி மாறி வந்த எங்களுக்கு, நன்றாகத்தான் ஒளிந்திருக்கிறது என்று பட்டது.

மீனா என் அக்கா மகள். நான்கு வருடமாக மெக்சிகோ நகரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இந்தக் கடற்கரையில் இத்தாலிச் சாப்பாட்டுக் கடை நடத்தும் லூசியா அம்மாவின் மகன் மத்தேயோவைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். அவள் அப்பா, அதாவது என் அத்தான், போர்வெல் லாரி வைத்திருப்பவர். "ஊத்துப் பாக்காம பைப்பு எறக்குறவன் இல்ல நான்" என்று சொல்லி, நேரில் பார்க்கக் கிளம்பிவிட்டார். பிடித்தால் சம்மதம், பிடிக்காவிட்டால் மகளோடு திரும்புவது என்பது அவர் கணக்கு. அக்காவுக்கு மூட்டுவலி, தாய்மாமன் என்ற உரிமையில் நான் வந்தேன்.

விமான நிலையத்திலிருந்து கடை ஏழு கிலோமீட்டர். டாக்சிக்கு நூற்றைம்பது பெசோ. ஒரு பெசோ ஏறக்குறைய ஐந்து ரூபாய். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் காய்ந்த மலை. டாக்சிக்காரர் கண்ணாடியில் அத்தானின் வேட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அலைச்சறுக்கு விளையாட வந்தீங்களான்னு கேக்குறாரு" என்றாள் மீனா.

"எங்க வீட்லயே தெனம் அலை அடிக்கிது, அதுல சறுக்கவே நேரம் பத்தலைன்னு சொல்லும்மா" என்றார் அத்தான்.

அந்த மனிதர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். இறங்கும்போது எனக்கு அவர்கள் ஊர்ச் சொலவடை ஒன்றைக் கொடுத்தார்: வயிறு நிறைந்தால் மனசு குளிரும். நான் போகிற ஊரிலெல்லாம் வாங்கி வருவது இதுதான். எடையும் இல்லை, சுங்கத்தில் பிடிக்கவும் மாட்டார்கள்.

கடைக்குப் பக்கத்தில் எடுத்திருந்த அறையில் குளித்துவிட்டு வந்ததும் அத்தான் சட்டத்தைச் சொன்னார். "பேச்சு முடியிற வரைக்கும் அங்க கை நனைக்கிறதில்ல. மாப்ள, ஒனக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் காப்பி குடிக்கலாம். சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்கினால் ஊர் சிரிக்கும்.

மீனா தலையில் கை வைத்தாள். "அப்பா, அவுங்க வீடே சாப்பாட்டுக் கடைப்பா. கீழ கடை, மேல வீடு. போயி ஒக்காந்தா சாப்பாடுதான் வரும்."

"வரட்டும். பாத்துக்கிட்டு இருப்போம்."

மாலை ஐந்தரைக்குப் போனோம். மாடி வீட்டுக்கு முன்னால் ஓலைப் பந்தல், மணல் தரை, எட்டு மேசை. மூலையில் களிமண்ணால் கட்டிய விறகு அடுப்பு. கரும்பலகையில் விலை எழுதியிருந்தது: தக்காளி பீட்சா 190 பெசோ, இறால் ஸ்பகெட்டி 240. இத்தாலிக் கடைதான் என்றாலும் மேசைக்கு மேசை எலுமிச்சையும் மிளகாய்த் துவையலும் இருந்தன. உள்ளூர்க்காரர்கள் அது இல்லாமல் உட்கார மாட்டார்களாம்.

லூசியா அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். முழங்கை வரை மாவு. மீனாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு அத்தானை நோக்கி வந்தார். அத்தான் சட்டென்று கைகூப்பி ஓரடி பின்னால் போனார். அந்த அம்மாவும் மாவுக் கையைக் கூப்பிக்கொண்டார். மத்தேயோ நல்ல உயரம். பயத்தில் என் கையை இரண்டு தடவை குலுக்கினான்.

நாங்கள் எதுவும் கேட்காமலே இறால் ஸ்பகெட்டி வந்தது. பூண்டு வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது.

"சாப்பாட்டு மேசையில ஒக்காந்திருக்கிற வரைக்கும் வயசு ஏறாதுன்னு அவுங்க ஊர்ல சொல்லுவாங்களாம்" என்றாள் மீனா.

"அப்ப இன்னிக்கு ரொம்ப நேரம் எளமையா இருப்போம்" என்று சொல்லி அத்தான் கையைக் கட்டிக்கொண்டார்.

நான் மெதுவாகக் கேட்டேன்: "அத்தான், முள்கரண்டியில சாப்பிட்டா கை எங்க நனையுதுங்க?"

"மாப்ள, வக்கீல் வேல பாக்காத."

தட்டில் ஆவி அடங்கியது. அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த லூசியா அம்மா வந்து, ஒரு வாய் தானே எடுத்து ருசி பார்த்தார். உப்பு சரிதான். தட்டை எடுத்துக்கொண்டு போய், காரம் கூட்டி வேறு தட்டு கொண்டுவந்தார். அதையும் நாங்கள் தொடவில்லை. அப்போது அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். சமையலைத் தொடாமல் வைப்பது அவர்களுக்கு, வாசலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்புவது மாதிரி.

மீனாவுக்கு வேறு வழியில்லை. எங்கள் வழக்கத்தை ஸ்பானிஷில் சொன்னாள். லூசியா அம்மா கேட்டு முடித்து, சமையலுக்காக இடுப்பில் கட்டியிருந்த முன்துணியை அவிழ்த்து நாற்காலியில் போட்டு, அத்தானுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"அப்ப நானும் சாப்பிடல. என்ன கேக்கணுமோ கேளுங்கன்னு சொல்றாங்கப்பா."

எங்கள் பக்கமென்றால் பங்காளிகள் பத்துப் பேர் பேசுவார்கள், மாப்பிள்ளையின் அம்மா அடுப்படியில் காதை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்பார். இங்கே அந்த அம்மாவே சபை.

அத்தான் சொத்தைக் கேட்பார், சாமியைக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கடலைப் பார்த்தபடி கேட்டது ஒன்றுதான். "எங்க ஊர்ல ஒரு பொண்ணு புருசங்கூடச் சண்ட போட்டா, பையத் தூக்கிக்கிட்டு அடுத்த பஸ்ல ஆத்தா வீட்டுக்கு வந்துரும். எம் மக இங்க சண்ட போட்டா எங்கிட்டுப் போகும்?"

தன்னைப் பற்றிய கேள்வியை மீனா தானே மொழிபெயர்த்தாள்.

லூசியா அம்மா நிறுத்தி நிறுத்திச் சொன்னார், மீனா தமிழாக்கினாள். "நான் இருபத்தி நாலு வயசுல மத்தேயோவோட அப்பாவக் கட்டிக்கிட்டு இத்தாலியில இருந்து வந்தேன். அவரு மீன் பிடிக்கிறவரு. எங்க அம்மா ஒரு தடவகூட இங்க வரல. சண்ட வந்தா எனக்குப் போக எடமில்ல. இந்தக் கடற்கரையில இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பேன். கால் வலிச்சதும் திரும்பி வந்துருவேன். மீனா நடக்க வேண்டியதில்ல. அவ மாடியில எங்கூட வந்து படுத்துக்கட்டும். இவன் கீழ மேசைக்கு நடுவுல கெடக்கட்டும்."

மத்தேயோ ஏதோ முனகினான்.

"கொசு இருக்கேம்மாங்கிறாரு" என்றாள் மீனா.

லூசியா அம்மா அவன் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னார். "இருக்கட்டுமாம்" என்றாள் மீனா.

நான் சிரித்துவிட்டேன். அத்தான் சிரிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளி எழுந்தார். கிளம்புகிறார் என்று நினைத்து மத்தேயோவும் எழுந்து நின்றான். அத்தான் சட்டைக் கையை மடித்து விட்டார்.

"கை கழுவ எங்கிட்டும்மா போகணும்?"

மீனா அதை மொழிபெயர்க்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பாஷை தெரியாத நான்தான் காற்றில் இரண்டு கையையும் தேய்த்துக் காட்டினேன். லூசியா அம்மா முதலில் அடுப்பின் பின்னால் இருந்த குழாயைக் காட்டினார். மீனாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. எழுந்து, தானே முன்னால் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

ஆறிப்போன தட்டை மாற்ற அத்தான் விடவில்லை. முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, இடியாப்பம் பிசைகிற மாதிரி ஸ்பகெட்டியைப் பிசைந்தார். இடியாப்பம் அடங்கும், இது அடங்கவில்லை. விரலிடுக்கில் வழுக்கி ஓடியது. அடுத்த மேசை வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். லூசியா அம்மா தனக்கும் ஒரு தட்டு கொண்டுவந்து, ரொட்டியைப் பிய்த்து, அதில் இருந்த குழம்பை வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

அத்தானின் சட்டைப் பையில் போன் அடித்தது. கையை நீட்டிக் காட்டி, என்னை எடுக்கச் சொன்னார். அக்காதான். திருமயத்தில் அப்போது காலை ஆறு மணி. ஊர் எப்படி என்றோ, பையன் எப்படி என்றோ அவள் கேட்கவில்லை.

"தம்பி, அவுக கை நனச்சாகளா?"

"முழங்கை வரைக்கும் வழியுதுக்கா."