எண்ணி முடியுமுன் சுட்ட கேக்

நியூபோர்க்கிலிருந்து புறப்பட்ட கப்பல், இரயில் பெட்டிகளையும் எங்களையும் சுமந்துகொண்டு கோர்சோரை நோக்கிச் செல்கிறது. ஊரிலிருக்கும் என் மனைவியை இங்கு வரவிடுமாறு மீண்டும் விண்ணப்பிக்கக் கொப்பன்ஹேகன் போகிறேன், இரண்டாண்டுகளாகப் பதிலில்லை. கண்ணூறு படுமென அஞ்சி, இதை நான் எவரிடமும் சொல்லவில்லை. துணைக்கு வந்த இராசையாவோ, எதிரே கேக் உண்ணும் கிறீன்லாந்துப் பூர்வகுடிப் பெண்மணியிடம் டேனிஷில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்.

பெண்மணி சிரித்தபடி ஏதோ கூற, இராசையா மொழிபெயர்க்கிறார்.

“அண்ணை, தங்கட நாட்டு அலுவலைத் தாங்களே பாக்கிறதோ எண்டு பத்து வருசத்துக்கு முன்னம் இவையளிட்ட வாக்கெடுப்பு வைச்சதாம். எண்ணி முடிய முன்னமே இவவின்ர தாய் கேக் சுட்டு ஊரைக் கூப்பிட்டிட்டாவாம்!”

“தோற்றிருந்தால்?” என வினவுகிறேன்.

“அப்பவும் தின்னத்தானே வேணும் எண்டுறா. ஆனா வெண்டிட்டினம். இப்ப அங்க அவையின்ர பாஷைதான் முதல் பாஷையாம்.”

பெண்மணி தமது தட்டை என் பக்கம் நகர்த்துகிறார்.

“எடுங்கோ அண்ணை. உங்கட மனிசி வந்து சேர்ந்ததுக்காம்.”

சற்றே தயங்கிய பின், பெரிய துண்டையே எடுக்கிறேன். பக்கத்து மேசைக்காரர் என்ன விசேடம் என்று கேட்கிறார். இராசையா வாய் திறக்குமுன், எனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில் நானே உரக்கச் சொல்கிறேன்: “என் மனைவி வருகிறார்!”